வோல்கா கரையின் பதினொரு பேர்: பாதி வழியில்

ரஷ்ய ஓவியர் இல்யா ரெப்பினின் 'வோல்காவில் படகு இழுப்பவர்கள்' ஓவியத்தைப் பார்த்து வரையத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. அசல் 131.5 செ.மீ. உயரம், 281 செ.மீ. அகலம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14க்கு 30 அங்குல கேன்வாஸ் அந்த அளவுக்குச் சரியாக அமைந்தது. முதல் வாரம் கட்டம் போடுவதிலேயே போனது.

கரிக்கோலில் ஆட்களை வரைந்தபோதுதான் சிக்கல். பதினொரு பேரையும் ஒரே சாய்வில் போட்டுவிட்டேன். அணிவகுப்பு மாதிரி இருந்தது, இழுப்பு தெரியவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அச்சுப் பிரதியில் அளவுகோலை வைத்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். முன்னால் வருபவர்கள் முழு எடையையும் படகுக் கயிறு கட்டிய மார்புப் பட்டையில் போட்டுவிட்டார்கள், கைகள் வெறுமனே தொங்குகின்றன. பின்னால் ஒருவர் புகைக்குழாயோடு நிமிர்ந்தே நடக்கிறார். நடுவில் இருக்கும் சிறுவன் லார்கா, பட்டையில் கைவைத்துத் தலையை உயர்த்துகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் பட்டைகளை மட்டும் வரைந்தேன். பிறகு ஒவ்வொரு பட்டையிலும் ஓர் உடம்பைச் சாய்த்தேன். அப்போதுதான் கயிறு விறைத்தது!

வண்ணத்தில் செய்த தவறு, கந்தல் துணியின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தது. எல்லோரும் சேறாகிவிட்டார்கள். இது கோடை வெயிலில் நடக்கும் காட்சி. துடைத்தெடுத்து, ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் சேர்த்தேன். வானத்தின் வெளிச்சம் துணியிலும் வந்தது. மணலுக்கு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளும் வெள்ளையும் போதும்.

ரெப்பின் 1870 கோடையில் வோல்காவுக்கே போய், இந்த வேலை செய்தவர்களோடு பழகி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைந்துகொண்டார். படம் முடிந்தது 1873ல். அதை வாங்கியவர் ஜார் மன்னரின் மகன் விளாதிமிர். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. முன்வரிசையில் தலையில் துணி கட்டியிருப்பவர் கானின், முன்பு பாதிரியாராக இருந்தவர். ரெப்பின் பெரிதும் மதித்த முகம் அது. அவருடைய நெற்றிச் சுருக்கத்தை நான் ஆழமாக்க ஆக்க, பரிதாபம்தான் கூடியது. அசலில் பரிதாபம் இல்லை, யோசனை இருக்கிறது. புருவத்துக்குக் கீழே நிழலை ஒரு படி இளக்கியதும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

இதுவரை ஏழு பேர் முடிந்திருக்கிறார்கள். கானினின் கண்களை இன்னும் தொடவில்லை. அடிவண்ணம் காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தூரத்து நீராவிப் படகின் புகையைப் போடப்போகிறேன்.