கொலம்பஸ் குளிருக்குக் கொடுத்த காசு செரித்தது, அட்லாண்டா கூரைக்குக் கொடுத்ததுதான் எரிகிறது

2025 ஜனவரியில் அட்லாண்டாவில் இறுதிப் போட்டி பார்த்துத் திரும்பிய சூட்டோடு சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், இறுதிப் போட்டிக்குப் போகாதீர்கள். டிசம்பரில் கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் முதல் சுற்றுக்குப் போங்கள். இறுதிப் போட்டியின் ஒரு டிக்கெட் விலையில் அங்கே ஆட்டம், அறை, சாப்பாடு எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் தோற்றால் வெளியே சுற்றுகளான பிளேஆஃபுக்கு 2023 வரை நான்கு அணிகள்தான். 2024 சீசனிலிருந்து பன்னிரண்டு. தேர்வுக் குழுவில் பதின்மூன்று பேர். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு செவ்வாய் மாலையும் தரவரிசை வெளியிடுவார்கள், 2024-இல் டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பட்டியல். கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களில் முதல் நான்கு பேருக்கு அந்த சீசனில் முதல் சுற்றில் ஓய்வு கொடுத்தார்கள். மீதி எட்டில் 5 முதல் 8 வரை தரவரிசை பெற்றவர்களுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம். அப்படி ஓய்வு கிடைத்த ஓரிகன், ஜார்ஜியா, போய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்குமே காலிறுதியில் மண்ணைக் கவ்வின. கோப்பையைத் தூக்கியது எட்டாம் இடத்திலிருந்து வந்த ஓஹையோ ஸ்டேட்.

ரசிகனின் பர்ஸ் வழியாக அதே கதையைப் பாருங்கள். டிசம்பர் 21 முதல் சுற்று, ஓஹையோ ஸ்டேட்டின் சொந்த ஊரான கொலம்பஸ். ஜனவரி 1 காலிறுதி, கலிஃபோர்னியாவின் பாஸடீனா. ஜனவரி 10 அரையிறுதி, டெக்ஸஸின் ஆர்லிங்டன். ஜனவரி 20 இறுதிப் போட்டி, அட்லாண்டா. ஒரு மாதத்துக்குள் நான்கு ஊர், மூன்று நேர மண்டலம். ஒவ்வோர் ஆட்டமும் ஜெயித்த பிறகுதான் அடுத்த ஊர் உறுதி. அந்த இரவே லட்சக்கணக்கானவர்கள் அதே விமானத்தைத் தேடுவார்கள். இதை வடிவமைத்தவர்கள் யாரும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்திருக்கமாட்டார்கள்.

முதலில் ஒரு பொறி. சீசனில் தேதி முன்பே தெரியும், ஆரம்பிக்கும் நேரம் தெரியாது. எந்த ஆட்டத்தை எப்போது காட்டுவது என்று தொலைக்காட்சிகள் பெரும்பாலும் பன்னிரண்டு நாள் முன்னால்தான் முடிவு செய்யும், சில வாரங்களில் ஆறு நாள் முன்னால். பகல் 12 மணியா, மாலை 3.30-ஆ, இரவு 8-ஆ என்று தெரியாமல் சனிக்கிழமை இரவு விமானத்துக்குப் பதிவு செய்தால் பாதி ஆட்டத்தில் எழுந்து ஓட வேண்டியதுதான். ஞாயிறு மதியத்துக்கு முன் எதுவும் போடாதீர்கள். ஓஹையோ ஸ்டேட் - மிச்சிகன் ஆட்டம் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் 12 மணி.

அந்த ஆட்டத்தைச் சொல்லாமல் இந்த சீசனைச் சொல்ல முடியாது. கொலம்பஸில் அந்த வாரம் முழுக்க பல்கலைக்கழக வளாகத்துப் பலகைகளில் 'எம்' எழுத்தின் மேல் சிவப்பு டேப்பால் குறுக்குக்கோடு போட்டிருப்பார்கள். மிச்சிகன் என்ற பெயரைக்கூட உச்சரிப்பதில்லை, 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள். 2024 நவம்பர் 30 அன்று அந்த டீம் தரவரிசையிலேயே இல்லாமல் வந்து 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. கடைசி நிமிடத்துக்குள் 21 யார்டிலிருந்து அவர்களின் டொமினிக் ஸ்வாடா அடித்த ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி. பிறகு மைதான நடுவில் கொடி நட முயன்றார்கள், கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்பிரே. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். ஓஹையோ ஸ்டேட் பயிற்சியாளர் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரே கத்தியது.

அந்தத் தோல்வியின் பணக்கணக்கு வேறு. ஜெயித்தால் அடுத்த வாரம் இண்டியானாபோலிஸில் ஓஹையோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டி என்று நம்பி, திருப்பித் தராத கட்டணத்தில் அறை போட்டவர்களுக்கு முழுக் காசும் காலி. அங்கே ஆடியது ஓரிகனும் பென் ஸ்டேட்டும். நவம்பருக்குப் பிறகு எந்த ஊரில் அறை போட்டாலும் ரத்து செய்யக்கூடியதாகவே போடுங்கள். பத்திருபது டாலர் கூட ஆகும். ஆகட்டும்.

மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில் டென்னசி. இரவு 8 மணி ஆட்டம், உறைநிலைக்குக் கீழே குளிர். மிச்சிகன் தோல்வியின் கசப்பில் உள்ளூர்க்காரர்கள் பலர் சீசன் டிக்கெட்டோடு வந்த இடத்தை விற்றுவிட்டார்கள். மறுவிற்பனை விலை மூன்று இலக்கத்துக்குள் நின்றது அதனால்தான். டென்னசி அணியின் ஊரான நாக்ஸ்வில்லிலிருந்து காரில் கிளம்பி வந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அரங்கில் பெரிய பெரிய திட்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் கால்பகுதி முடியும்போது 21-0. ஓஹையோ ஸ்டேட்டின் முதலாண்டு மாணவன் ஜெரமையா ஸ்மித்துக்கு இரண்டு டச் டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது. கடைசியில் 42-17. ஊர் மன்னித்துவிட்டது.

கொலம்பஸுக்கு ரயில் கிடையாது. இவ்வளவு பெரிய நகரத்துக்குப் பயணிகள் ரயிலே இல்லை என்பது வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. விமான விலை ஏறியிருந்தால் சின்சினாட்டி, கிளீவ்லண்ட் இரண்டையும் தேடிப் பாருங்கள். இரண்டிலிருந்தும் நெடுஞ்சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் கட்டுப்படியாகும். ஊருக்குள் ஹை ஸ்ட்ரீட் நெடுக ஓடும் 2-ஆம் எண் பேருந்துக்கு இரண்டு டாலர். லேன் அவென்யூ பக்கம் இறங்கி மேற்கே கால்மணி நேரம் நடந்தால் மைதானம். மைதானத்தை ஒட்டிய வீட்டுப் புல்வெளிகளில் அட்டைப் பலகை மாட்டி பார்க்கிங் காசு கேட்பார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு விலை, மைதானத்தை நெருங்க நெருங்க ஏறும். இருபது நிமிடம் நடக்கத் தயாரென்றால் பாதியாகக் குறையும்.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் நின்று வாடகைக் காருக்கு ஆப்பைத் தட்டுவது தண்டம். ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள், விலை மூன்று மடங்கு, நான்கு மடங்கு. வந்து சேரும் ஓட்டுநர், ரோடு அடைத்திருக்கிறது என்று ரத்து செய்துவிட்டு அடுத்த உயர்ந்த விலைக்குப் போய்விடுவார். ஹை ஸ்ட்ரீட்டைத் தாண்டி ஒரு மைல் தள்ளி நடந்த பிறகு போனை எடுங்கள். இன்னும் நல்லது, ஏதாவது கடையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சாப்பிடுங்கள். சாப்பாட்டுச் செலவு கார் கட்டணத்தில் மிச்சமாகிவிடும்.

சாப்பாடு என்றதும் ஜெர்மன் வில்லேஜ். செங்கல் வீடுகளும் செங்கல் தெருக்களுமாக இருக்கும் பழைய பேட்டை. அங்கே ஷ்மிட்ஸ் உணவகத்தில் பஹாமா மாமா என்ற காரமான சாஸேஜ். அமெரிக்கர்கள் காரம் என்று சொன்னால் நாம் சிரிப்போம், இது பரவாயில்லை, நாக்குக்குத் தெரியும். கிரீம் பஃப்பும் கிடைக்கும், குழந்தை தலை அளவு. ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள், இரண்டு பேருக்கு ஒன்றே திகட்டும். ஆட்ட நாளில் வரிசை வாசல் தாண்டும், வெள்ளிக்கிழமை மதியம் போய்விடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் உருண்டையைச் சாக்லேட்டில் தோய்த்த பக்கை மிட்டாய் எல்லாக் கடையிலும் கிடைக்கும். விமான நிலையத்தில் வாங்காதீர்கள், பகல் கொள்ளை.

சைவர்களுக்கு மைதானத்துக்குள் பிரெட்ஸல், பாப்கார்ன், நாச்சோ, அவ்வளவுதான். வயிற்றை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள். வெளியே போய்த் திரும்பி வர விடமாட்டார்கள்.

ஓஹையோ ஸ்டேடியம் 1922-இல் திறந்தது. குதிரை லாட வடிவம், ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல் இடம். இருக்கை என்பது பெரும்பாலும் எண் எழுதிய பெஞ்சுதான். கோடையில் போட்ட அளவு, டிசம்பரில் எல்லோரும் மூன்று கோட்டு போட்டு வருவதால் வரிசைக்கு இரண்டு பேர் கூடுதலாகத் தெரிவார்கள். சீக்கிரம் உட்கார்ந்தவனுக்கே இடம். காலுக்கடியில் கான்க்ரீட் இழுக்கும் குளிர்தான் முதலில் ஆளைச் சாய்க்கும். ஒரு அட்டைப்பெட்டியை விரித்துக் காலுக்குக் கீழே போடுங்கள், கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடியை விட அது வேலை செய்யும். மிகவும் கீழ் வரிசை டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கோட்டோரம் நிற்கும் ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும். கீழடுக்கான ஏ டெக்கின் மேல் பாதியோ மேலடுக்கான சி டெக்கோதான் சரி. நடுவிலிருக்கும் பி டெக்குக்கு மேலே கூரை மாதிரி சி டெக் வருவதால் உயரப் போகும் பந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

டிக்கெட் போனில்தான், காகிதம் இல்லை. குளிரில் பேட்டரி முப்பது சதவீதத்தில் இருக்கும்போதே போன் அணைந்துவிடும். உள்பாக்கெட்டில், உடம்பை ஒட்டி வைத்திருங்கள். வாசலில் லட்சம் போன்கள் நெட்வொர்க்கைப் பிடித்து இழுப்பதால் ஆப் திறக்காது. ஹோட்டலில் இருக்கும்போதே டிக்கெட்டைப் போனின் வாலட் ஆப்பில் சேர்த்துவிடுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் தேடும்போது கட்டணம் சேர்த்த விலையைக் காட்டும் பொத்தானை முதலில் அழுத்துங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் கால்வாசி ஏறும். பை என்றால் 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக்.

இரண்டரை மணி நேரம் முன்னால் போவதற்கு ஒரே காரணம் பல்கலைக்கழக பேண்ட் வாத்தியக் குழு. மைதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் செயின்ட் ஜான் அரீனாவில் ஸ்கல் செஷன் என்ற ஒத்திகைக் கச்சேரி, அதற்குத் தனி டிக்கெட் வேண்டாம். முழுக்கப் பித்தளை வாத்தியமும் முரசும்தான். அந்த மூடிய கூடத்தில் நெஞ்செலும்பு அதிரும். பிறகு மைதானத்தில் ஒரே வரிசையாக நகர்ந்து 'ஓஹையோ' என்று கூட்டெழுத்தில் எழுதுவார்கள், 1936 முதல் நடக்கிறது. கடைசியில் உடம்பைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளை வாத்தியமான சூஸஃபோனோடு ஒருவர் துள்ளி நடந்து போய் 'ஐ' எழுத்துக்குப் புள்ளியாக நின்று குனிந்து வணங்குவார். டச் டவுனுக்குக்கூட இவ்வளவு சத்தம் வராது. ஆட்டத்துக்கு முன் கார்களுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி விருந்து நடத்தும் டெயில்கேட் கூட்டத்தில் பீர் நன்றாக இருக்கிறது என்று இதைத் தவறவிடுகிறவர்களுக்கு அந்த டிக்கெட்டே தண்டம்.

பாஸடீனா பற்றி இரண்டு வரி போதும். ஆட்டம் நடக்கும் ரோஸ் பௌல் மைதான வாசலுக்கு ரயில் வராது. மெட்ரோ ஏ லைனில் மெமோரியல் பார்க் இறங்கி ஷட்டில் பிடிக்க வேண்டும். காலையில் ரோஜா ஊர்வலம், அதனால் பாதித் தெரு அடைப்பு. ஓரிகனை இரண்டாம் கால்பகுதியிலேயே 34-0 என்று அமுக்கிய ஆட்டம், கடைசியில் 41-21. மலை மேல் வெயில் இறங்கும் நேரத்தில் கிழக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கண்ணும் கூசாது.

ஆர்லிங்டன்தான் எரிச்சல். அரையிறுதி ஆட்டத்தின் பெயர் காட்டன் பௌல். அதே பெயரில் டல்லாஸ் ஃபேர் பார்க்கில் ஒரு பழைய மைதானம் இன்னும் இருக்கிறது, ரயிலும் போகிறது. ஆனால் ஆட்டம் அங்கே இல்லை, முப்பது கிலோமீட்டர் மேற்கே ஏ.டி. அண்ட் டி. ஸ்டேடியத்தில். வரைபடத்தில் ஆட்டத்தின் பெயரைத் தட்டினால் ஊர் மாறிவிடும், மைதானத்தின் பெயரைத் தட்டுங்கள். மைதானத்துக்கு ரயிலோ வழித்தடப் பேருந்தோ இல்லை. டல்லாஸ் பக்கத்துப் புறநகர் ரயிலான டி.ஆர்.இ.யில் சென்டர்போர்ட் வரை வந்து அங்கிருந்து கார். போதாக்குறைக்கு அந்த வாரம் பனிப்புயல் வேறு, விமானங்கள் வரிசையாக ரத்து. டெக்ஸஸ் எட்டு யார்டு தூரத்தில் நின்று சமன் செய்யத் தவித்தபோது ஓஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைப் பறித்து 83 யார்டு ஓடினாரே, அந்த ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம். 28-14.

அட்லாண்டாவில் போக்குவரத்துக்கு முழு மதிப்பெண். விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா ரயில், இரண்டரை டாலர். ஃபைவ் பாயிண்ட்ஸில் மாறி வைன் சிட்டி போனால் மைதானம் எதிரே. திரும்பும்போது அங்கே வரிசையில் நிற்காதீர்கள், ஃபைவ் பாயிண்ட்ஸுக்கே ஒரு மைல் நடந்துவிடுங்கள். பகலில் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் பார்க்கலாம். எழுநூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் ஹெல்மெட் சுவர், நுழையும்போது சொன்ன கல்லூரியின் ஹெல்மெட் மட்டும் ஒளிரும். மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் ரொக்கம் செல்லாது, கார்டு மட்டும். ஹாட் டாக் இரண்டு டாலருக்குள், இது அதிசயம்.

ஆனால் டிக்கெட் நான்கு இலக்கம். அந்தக் காசுக்குக் கிடைப்பது மூடிய கூரை, 58 அடி உயர வட்டத்திரை, பாதி நேரம் விளம்பர இடைவெளி. தெருவில் டெயில்கேட் புகை இல்லை, நிறுவன விருந்தினர் அட்டை மாட்டியவர்கள் நிறைய. ஆட்டமாவது இழுத்துப் பிடித்தது. ஓஹையோ ஸ்டேட் 31-7 என்று முன்னிலையில் இருந்ததை எதிரணி நோட்டர் டேம் 31-23 வரை கொண்டு வந்தது. நான்கு முயற்சிகளில் மூன்றாவது, அதாவது மூன்றாவது டவுன், இன்னும் 11 யார்டு வேண்டும், ஓஹையோ ஸ்டேட்டின் வில் ஹவர்ட் 56 யார்டு வீசி ஸ்மித்திடம் சேர்த்தார். 34-23. அந்தப் பாஸை அரங்கில் பாதிப் பேர் திரையில்தான் பார்த்தார்கள். வீட்டில் இருந்தாலும் அதையேதான் பார்த்திருப்போம்.

அடுத்த சீசனுக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு: 2025-இல் ஆகஸ்ட் 30 அன்றே டெக்ஸஸ் கொலம்பஸுக்கு வந்தது. சீசனின் முதல் சனிக்கிழமை, கோட்டும் வேண்டாம் அட்டைப்பெட்டியும் வேண்டாம், தொப்பியும் தண்ணீரும் போதும். அப்படியோர் ஆட்டம் இருந்தால் விமானத்தைப் பிறகு பார்க்கலாம், அறையை முதலிலேயே போடுங்கள். ரத்து செய்யக்கூடியதாக.