பென்டிரைவில் எடுத்துப்போகும் நூலகம்

எங்கள் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசைக்குப் பின்னால், "பென்டிரைவ் கொண்டுவந்தால் கதை ஏற்றித் தரப்படும். கட்டணம் இல்லை" என்று நூலகர் தன் கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு பழைய கணினி, இரண்டு ஹெட்போன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் ஏற்பாடு. இதை எப்படிச் செய்தீர்கள் என்று பக்கத்து ஊர் வாசகர் வட்டத்து நண்பர்கள் சிலர் கேட்டார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதற்குப் பதில் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் சீர்காழிப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்களையே "எடைக்குப் போட்டுடுங்கண்ணே" என்று கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். உள்ளே ஒரு பாகமும் கெட்டிருக்காது. அதை உடைத்து இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

அப்படி வந்ததில் ஒன்றைத்தான் நூலகத்துக்கு எடுத்தேன். பிளோயரால் தூசி ஊதி, ரேமைக் கழற்றி அதன் மஞ்சள் காலை அழிரப்பரால் தேய்த்து, பிராசஸர் பேஸ்ட் மாற்றி, கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரி காய்ந்துபோயிருந்ததால் அதையும் மாற்றினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டேன். முன்பக்க ஆடியோ ஜாக்கை நம்பவே கூடாது. பொதுஜனம் செருகி இழுக்கிற இடத்தில் அதுதான் முதலில் ஆட ஆரம்பிக்கும். ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டைப் பின்னால் மாட்டி, ஒயரை மேசைக்காலோடு டேக் போட்டுக் கட்டிவிட்டேன்.

ஓஎஸ், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட். அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எங்கள் தொழிலில் கிராக் செய்த விண்டோஸ் போடுவது சர்வ சாதாரணம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊர்மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற இடத்தில் திருட்டுச் சாவி போட்டுத் திறந்த ஒரு பெட்டியை வைப்பது தப்பு என்று நினைக்கிறேன். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் கொடுத்த வழி அது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் எங்கள் சீர்காழிக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. புத்தகம் பூட்டி வைப்பதற்கில்லை, பயன்படுத்துவதற்கே என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. புத்தகத்துக்கு அப்படியென்றால் அதன் பக்கத்தில் உட்காரும் கணினிக்கும் அப்படித்தானே?

மின்ட்டில் ஒரு வசதியை எல்லா நூலகரும் தெரிந்துகொள்ள வேண்டும். லாகின் விண்டோ அமைப்பில் "கெஸ்ட் செஷன்" என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் உள்ளே வரலாம். அவர்கள் லாக் அவுட் செய்த நொடியில் திறந்த பக்கம், இறக்கிய கோப்பு, விட்டுப்போன மெயில் கணக்கு எல்லாம் துடைத்துப் போய்விடும். வேலைக்கு விண்ணப்பிக்க வருகிற பிள்ளைகள் ஆதார் நகலையும் மார்க் ஷீட்டையும் டெஸ்க்டாப்பில் அப்படியே விட்டுவிட்டுப் போவதை எத்தனை பிரவுசிங் சென்டரில் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தப் பயம் இல்லை. ஒலிநூல்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கலாம், நகல் எடுக்கலாம், அழிக்க முடியாது. இதற்கு இணைய இணைப்பும் வேண்டாம். எல்லாம் டிஸ்க்கிலேயே இருக்கிறது.

ஒலிநூல் என்ற யோசனை என்னுடையது இல்லை, தையற்கடை பாயுடையது. பள்ளிவாசல் தெருவில் நாற்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தவர். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்துக்கு வந்துவிடுவார். சரித்திர நாவல் என்றால் உயிர். குளுக்கோமாவில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஊசியில் நூல் கோப்பது நின்றது, பிறகு படிப்பதும் நின்றது. ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. யாராவது பேப்பர் படித்துக் காட்டினால் கேட்டுக்கொண்டிருப்பார். "தம்பி, இங்க இவ்வளவு புத்தகம் இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்லாமப் போச்சு பாருங்க" என்று ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன மாதிரியைப் பார்த்து நூலகர் அம்மா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

பார்வையற்றவர்களுக்கு ஏற்பாடே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. நாடளவில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து இயங்குகிறது. ஆனால் அறுபது வயதுக்கு மேல் பார்வை போனவர் பிரெய்ல் கற்றுக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறமாட்டார். அவருக்கு வேண்டியது தெருமுனையில், பழகிய நாற்காலியில் கிடைக்க வேண்டும்.

இலவச ஒலிநூல் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது லிப்ரிவாக்ஸ். 2005-இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஹியூ மெக்வயர் என்பவர் தொடங்கியது. பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவையும் உரிமை கோராமல் பொதுவில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஒரு நூலகம் அதை நூறு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோப்புகள் இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கின்றன. 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் எம்பி3 எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பிதான். பத்து மணி நேரப் புத்தகம் 300 எம்பிக்குள் அடங்கும். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஆயிரம் மணி நேரம் கேட்கலாம்.

இதில் ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண்கள் சிலர் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்திலிருந்து எடுத்துப் போட்ட அதே கதையின் எழுத்து வடிவத்தைத் திரையில் பார்த்தபடி கூடவே முணுமுணுக்கிறார்கள். இன்டர்வியூவில் வாய் திறந்து ஆங்கிலம் பேச அந்தப் பழக்கம் எவ்வளவோ உதவும். நான் நினைத்தே பார்க்காத பயன் இது.

தமிழ்தான் கை அளவு. யூடியூபில் ஏராளமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் பாதி, உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களின் புத்தகம். அனுமதி வாங்கினார்களா என்று தெரியாது. எழுதிப் பிழைக்கிறவர் வயிற்றில் அடித்து வாசகனுக்கு உதவி செய்ய நாங்கள் விரும்பவில்லை. அது வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

அது இல்லாமலேயே நமக்கு இருக்கும் சொத்து கொஞ்சமல்ல. பாரதியின் எழுத்துகளை 1949-இல் அரசு விலைக்கு வாங்கி, பிறகு மக்களுக்கு விட்டது. அதன்பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரு மரபு வேறு எங்கே இருக்கிறது? அதோடு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நம் சட்டப்படி உரிமை முடிந்துவிடும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன. எழுத்து எல்லாம் தயார். குரல் இல்லை, அதுதான் குறை.

கணினியையே படிக்கவைத்துப் பார்த்தோம். ஈஸ்பீக் என்ற திறமூல மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். திரையில் இருப்பதை வாசிக்க ஆர்கா மென்பொருளோடு அது நன்றாகவே வேலை செய்கிறது. பார்வையற்ற மாணவர் ஒருவர் அதை நான் பின்தொடரவே முடியாத வேகத்தில் வைத்துக் கேட்கிறார். பாடப்புத்தகத்துக்கு அது போதும். ஆனால் கதைக்குச் சரிப்படவில்லை. பாய் இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இது விஷயத்தைச் சொல்லுது தம்பி, கதை சொல்லல" என்றார்.

அதனால் நாங்களே பதிவு செய்ய ஆரம்பித்தோம். வாசிப்பவர் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். இடம் நூலகத்துக்குள்ளேயே, பின்னால் இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உள்ள சந்து. இரண்டு பக்கமும் கூரைவரை புத்தகம் நிற்பதால் எதிரொலி வராது. காசு கொடுத்துக் கட்டினாலும் இந்த அளவுக்கு அமையுமா என்பது சந்தேகம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மே மாதத்தில் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். பஸ் ஹாரன் அடித்தால் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிப்பார். கோயிலில் மைக் செட் கட்டிவிட்டால் அன்று பதிவு கிடையாது.

ஒலியைச் சீர் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து நொடி யாரும் பேசாமல் விடவேண்டும். அந்த வெறும் இரைச்சலைத் தேர்ந்தெடுத்து இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டால், நாய்ஸ் ரிடக்‌ஷன் மீதி முழுவதிலும் அதைக் குறைத்துக் கொடுக்கும். அளவுக்கு மேல் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, டீச்சரின் ழகரம் முழுசாகக் கேட்க வேண்டும்.

லிப்ரிவாக்ஸில் ஒருவர் வாசித்ததை இன்னொருவர் முழுவதும் கேட்டுப் பிழை சொல்வார். அந்த முறையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எங்களுக்குக் கேட்டுப் பார்ப்பவர் பாய்தான். சின்ன விஷயமும் அவர் காதுக்குத் தப்பாது. ஒரு கதையில் பக்கம் புரட்டும்போது டீச்சருக்கு இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. பாய் கேட்டார்: "அந்தப் பொம்பள வாசல்லதானே நின்னா, எப்ப உள்ள வந்தா?" புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ஒரு தாள் முழுக்க விட்டுப் போயிருந்தது.

புதுமைப்பித்தன் கதை ஒன்றை எடுத்தபோது பெரிய வாக்குவாதம். 1948-இலேயே காலமானவர் என்பதால் உரிமைச் சிக்கல் ஒன்றும் இல்லை. பேச்சுதான் பிரச்சினை. திருநெல்வேலிப் பிள்ளைமார் பேசுவதைத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்கு சொன்னால் ராகம் ஒட்டவில்லை. டீச்சரே வேண்டாம் என்றார். அங்கே பிறந்து இங்கே வங்கி வேலைக்கு வந்திருக்கும் ஒருவரைப் பிடித்தோம். அவர் வாசித்தபோதுதான் கதையில் யார் யாரைக் குத்திக் காட்டுகிறார்கள் என்பதே எனக்கு விளங்கியது. கோவைக் கதையைக் கோவைக்காரரும் நாஞ்சில் நாட்டுக் கதையை நாகர்கோவில்காரரும் வாசித்து, ஒரு நூலகம் இன்னொரு நூலகத்துக்கு அனுப்பினால் எப்படியிருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தப்படி, பார்வையற்றவர் போன்றவர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு, உரிமை முடியாத நூலையும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் மாற்றிக் கொடுக்கலாம். அவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். பொது நகலில் சேர்ப்பதில்லை.

ஏற்றிக் கொடுப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம். பெரியவர்கள் வைத்திருப்பது போன் அல்ல, பென்டிரைவ் போடும் சின்ன ரேடியோ. 01, 02 என்று கோப்புக்குப் பெயர் வைத்தாலும் பல ரேடியோக்கள் அதைப் பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு பதினொன்றாவது வந்து நிற்கும். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்று ஒரு குட்டி மென்பொருள் உண்டு. பென்டிரைவைக் கழற்றாமல், அன்மவுண்ட் மட்டும் (கணினியோடு உள்ள தொடர்பைத் துண்டிப்பது) செய்துவிட்டு அதை ஒருமுறை ஓட்டினால் வரிசை சரியாகிவிடும். 64 ஜிபியோ அதற்கு மேலோ வாங்கினால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வரும், பல ரேடியோக்கள் அதைத் தொடவே தொடாது. 32 ஜிபி, பழைய ஃபேட்32 அமைப்பு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் கணினி அரசுச் சொத்து, அதில் கைவைக்கக் கூடாது. வாசகர் வட்டத்தின் பெயரில் கடிதம் எழுதி, நன்கொடையாக வேறு மெஷின் கொடுத்து, மாவட்ட நூலக அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு வையுங்கள். கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும்.

எங்களிடம் இருக்கும் பொது ஃபோல்டர் முழுவதையும் எந்த நூலகத்துக்கு வேண்டுமானாலும் நகல் தருவோம். பழைய மெஷின் இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், மின்ட் போட்டு கெஸ்ட் செஷன் அமைத்துத் தருவது என் பொறுப்பு, நூலகத்துக்கு என்றால் கூலி வாங்கமாட்டேன். வரும் முன் ரேம் எந்த வகை என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டிடிஆர்3 என்றால் உதிரி என்னிடமே நிறைய இருக்கிறது.