பழைய பைக்கில் தூரப் பயணமா? வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸ் இன்னும் போகவில்லை, அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உற்பத்தி நின்றுபோன வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள் வழியெல்லாம் கேட்கிற ஒரே வசனம்: "இந்த வண்டிக்கு இப்போ பார்ட்ஸே வர்றதில்லையே!" கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்கிற விதம்தான் தப்பு. வண்டிப் பெயரைச் சொன்னால் கையை விரிப்பார்கள். அளவைச் சொன்னால், தண்ணி மோட்டாருக்கு பேரிங் விற்கிற கடையிலேயே பாதிச் சாமான் கிடைத்துவிடும். அதுவும் 'அபூர்வப் பொருள்' என்று தலையில் கட்டுகிற விலைக்கு இல்லை.

பேரிங்கின் பக்கவாட்டு வளையத்தில் எண் பொறித்திருக்கும். 6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6203 என்றால் 17, 40, 12. 6204 என்றால் 20, 47, 14. எந்த நாட்டில் யார் செய்தாலும் இதே அளவுதான். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். கிராங்கில், அதாவது பிஸ்டன் சுழற்றுகிற அச்சில், பேரிங்மேல் சி3 என்று போட்டிருந்தால் சி3-யே வேண்டும். சூட்டில் விரிய அதில் கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதாரணத்தை நீட்டினால் வாங்காதீர்கள், சூடேறினதும் இறுகிவிடும்.

சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலும் அப்படித்தான். 20×35×7 என்று முகத்திலேயே இருக்கும். அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஷாஃப்ட்டையும் குழியையும் அளந்துகொள்ளுங்கள். அகலம் ஒரு மி.மீ. குறைந்தால் பரவாயில்லை, கூடினால் உட்காராது. புது சீல் போட்டும் ஒழுகினால் சீலைத் திட்டாதீர்கள். பழைய சீலின் உதடு தேய்த்துத் தேய்த்து ஷாஃப்ட்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால் தடவினாலே தெரியும். சீலை முழுசாக உள்ளே தள்ளாமல் ஒன்றிரண்டு மி.மீ. வெளியே நிறுத்தினால் உதடு தேயாத இடத்தில் உட்காரும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீலை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கியர் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும்.

பயணப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியலோடு தொடங்கத்தான் நினைத்தேன். அது கடைசியில் வரட்டும், முதலில் கிளட்ச் கேபிள், ஏனென்றால் நடுவழியில் அதிகம் காலை வாருவது அதுதான்.

கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். லீவர் பக்கம், கம்பி நுனியில் இருக்கிற உலோகக் குமிழான நிப்பிளின் கழுத்தில்தான் ஒவ்வொரு இழையாகப் போகும். நிப்பிள் லீவருக்குள் திரும்பாமல் துருவேறி நின்றுவிட்டால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கும். ஒரு சொட்டு கிரீஸ் வைத்திருந்தால் வராத வினை. வழியில் அறுந்தால், கரண்டு வயர் இணைக்கிற பிளாஸ்டிக் கனெக்டரை உடைத்து உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டை எடுங்கள், இரண்டு ஸ்குரூவோடு இருக்கும். அட்ஜஸ்டர்களை மேலும் கீழும் முழுக்க உள்ளே திருகினால் ஒரு சென்டிமீட்டராவது கம்பி மிச்சம் வரும். அதில் நிப்பிளுக்குப் பதிலாகப் பித்தளையைக் கோத்து ஸ்குரூவை இறுக்கி, வால் கம்பியை மடக்கிவிட்டால் ஊர் போய்ச் சேரலாம். உள்கம்பியே போய்விட்டால் சைக்கிள் பிரேக் கம்பி உதவும். அது சுமார் ஒன்றரை மி.மீ. தடிமன்தான், பைக் கம்பியைவிட மெலிசு. எனவே தற்காலிகம்.

நிரந்தரமாகச் செய்ய ஈயப்பற்று வேண்டும். கம்பியின் எண்ணெயை பெட்ரோலில் கழுவி, பெட்ரோலைத் தூர வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் நிப்பிளைக் கோத்து, நுனி இழைகளைத் துடைப்பம்போல விரியுங்கள். நிப்பிளின் குழிந்த வாய் நுனிப் பக்கம் இருக்க வேண்டும். விரிந்த நுனியை அந்தக் குழிக்குள் இழுத்துவிட்டு, ஈயம் ஒட்டுவதற்கான ஃபிளக்ஸ் பசையைத் தடவி, உருகிய ஈயத்தில் முக்குங்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறணும், மேலே கோலிக்குண்டு மாதிரி நின்றால் முதல் இழுப்பிலேயே பிடுங்கிக்கொள்ளும். நேரடி நெருப்பில் காட்டினால் கம்பி நீலம் பாய்ந்து வலு இழக்கும். எவர்சில்வர் கம்பியில் சாதா ஃபிளக்ஸ் பிடிக்காது, ஆசிட் ஃபிளக்ஸ்தான். வைஸில் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். முன் பிரேக் கேபிளுக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம். அங்கே புதுசு மட்டும்தான்.

எஞ்சின் பாகங்களின் இடுக்கில் ஒழுகாமல் வைக்கிற பேக்கிங் எளிது. கிளட்ச் கவருக்கு அரை மி.மீ. பேப்பர் போதும், பழைய பேக்கிங்கில் நசுங்காத ஓரத்தை அளந்துகொள்ளுங்கள். பேப்பரைக் கவர்மேல் வைத்து, முதலில் இரண்டு போல்ட் ஓட்டைகளை மட்டும் ஒரு பேரிங் குண்டை வைத்துத் தட்டி வெட்டி, போல்ட்டைச் சொருகுங்கள், பேப்பர் நகராது. பிறகு விளிம்பு நெடுக உருண்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓங்கி அடித்தால் அலுமினிய விளிம்பு போய்விடும். சிலிண்டருக்கு அடியில் உள்ள பேக்கிங்கில் மட்டும் தடிமன் மாறக்கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் போர்ட், அதாவது சிலிண்டர் சுவரில் உள்ள துவாரம், திறக்கும் நேரமே மாறும். ஹெட் பேக்கிங் செம்பாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மங்கிய சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்றாகும். செம்பு இரும்பு மாதிரி இல்லை, தண்ணீரில் இறுகாது. ஹெட்டுக்கு அட்டை போடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதிலே சொல்வதில்லை.

இக்னிஷனில் கண்டென்சருக்குத்தான் அநியாயத் தேடல். பாயின்ட், அதாவது திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கிற தொடுமுனை, வைத்த எந்தக் காரின் கண்டென்சரும் ஓடும், 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட்டுக்குள் இருந்தால் சரி. எஞ்சினுக்குள் திணிக்க வேண்டியதில்லை. டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் வைத்து, கண்டென்சரின் உடம்பை எர்த்திலும் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) வயரை பாயின்ட் வயரிலும் கொடுங்கள். எஞ்சின் சூடு படாததால் கம்பெனி வைத்த இடத்தைவிட அங்கே நன்றாகவே உழைக்கும். பாயின்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லையா? சாதா 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் ஒன்று சுமார் 0.1 மி.மீ. நான்காக மடித்தால் கணக்கு வந்துவிட்டது. பேப்பர் நார் இடையில் சிக்கியிருந்தால் ஸ்பார்க் வராது, துடைத்துவிடுங்கள். பிளக் இடைவெளிக்கு ஆக்ஸா பிளேடின் தடிமன், ஏறத்தாழ 0.6.

டேங்க் கசிந்தால் குளியல் சோப்பை வெடிப்பில் அழுத்தித் தேயுங்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது.

பை விஷயம்: வெர்னியர், பித்தளை கனெக்டர் நான்கு, கட்டுக்கம்பி, ஒரு அடி பேக்கிங் பேப்பர், கண்டென்சர், செயினின் இரு முனைகளைச் சேர்க்கிற செயின் லாக் இரண்டு. இதற்கெல்லாம் ஆகிற காசு, வண்டியை ஒருமுறை லாரியில் ஏற்றுகிற செலவில் கால்வாசிகூட வராது. செயின் லாக் எண் பார்த்து வாங்குங்கள், 428-ம் 520-ம் ஒன்றுக்கொன்று சேராது. மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கணும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசி கிளிப் கழன்றுபோகும்.