ஒன்பது ஆண்டு பதினொரு மாதம்

2023 ஜூன் 4, ஞாயிறு, வெருலம், தென்னாப்பிரிக்கா

டோங்காட்டுக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். மொத்தம் 46 ஹெக்டேர். சிலர் கூட்டாகச் சேர்ந்து பயிரிட எங்களுக்கு வேண்டியது ஓடையை ஒட்டிய நான்கு ஹெக்டேர் சரிவு மட்டுமே. முதியவரான உரிமையாளருக்கு அதைப் பிரித்து விற்கச் சம்மதம்தான். ஆனால் 1970ஆம் ஆண்டின் வேளாண் நிலப் பிரிவினைச் சட்டப்படி, அமைச்சரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் விளைநிலத்தைத் துண்டாக்க முடியாது. முழுத் தோட்டத்தையும் வாங்க எங்களிடம் பணம் இல்லை. விளைநிலம் கூறுபோடப்பட்டு வீணாகக் கூடாது என்ற நோக்கம் எனக்கும் ஏற்புடையதே. ஆயினும் சிறிய அளவில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அது கதவை அடைத்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது குத்தகை. அதைச் சொன்னதும் அப்பா, "மறுபடியும் குத்தகையாம்மா?" என்று கேட்டார். 1946ஆம் ஆண்டு நிலச் சட்டம் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய காலத்தில், தாத்தா பிறர் நிலத்தில் கீரையும் அவரையும் பயிரிட்டு, டர்பன் அதிகாலைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர். அப்பாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

மண் பார்க்கும் நாள். அறுவடைக்கு முன் ஆண்டுதோறும் தீ வைக்கப்பட்ட வயலின் நடுவிலிருந்து ஒரு மண்கட்டியையும், உழவே படாத வேலியோரப் புல்லடியிலிருந்து இன்னொன்றையும் பெயர்த்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்கினேன். வயல் கட்டி உடனே சிதறி, நீர் செம்மண் கலங்கலாயிற்று. புல்லடிக் கட்டியோ, வேர்களும் பூஞ்சை இழைகளும் பிணைத்திருந்ததால், நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும் வரை கரையாமல் நின்றது. அதன் பிளவுக்குள் ஒரு மண்புழு சுருண்டிருந்தது. ஒரே சரிவில், இருபது அடி இடைவெளியில் இரு வேறு மண். சென்ற ஆண்டு ஏப்ரல் வெள்ளத்தில் ஆறுகள் ஏன் அவ்வளவு சிவந்து ஓடின என்பதைக் கண்ணெதிரே கண்டதுபோல் இருந்தது.

நீண்ட காலம் அம்மோனியம் உரம் இட்ட நிலம் என்பதால் அமிலத்தன்மையைச் சோதித்து, தேவையான அளவு சுண்ணாம்பு இட வேண்டும். முதல் மழைக்குச் சணப்பு விதைத்து, பசுந்தாள் உரமாக மண்ணில் மடக்கி உழுது, சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் வரிசை நட்டு, ஓடையோர ஈரத்தில் சேம்பு போடலாம் என்பது திட்டம். ஜூலு மக்கள் அமடும்பே என்று சொல்லும் அதே கிழங்குதான். நம் வீடுகளிலும் அது வேகாத வாரம் இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

வழக்கறிஞரைச் சந்தித்தோம். தோட்டத்தின் ஒரு பகுதியைப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைக்கு விடுவதற்கும் அதே சட்டத்தின்படி இசைவு வேண்டுமாம். குத்தகைதாரர் தம் விருப்பப்படி புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எழுதி, மொத்தக் காலம் பத்து ஆண்டைத் தொட்டாலும் அப்படியே. ஆகவே ஒன்பது ஆண்டு பதினொரு மாதம் என்று எழுதுவதுதான் வழி. மண் தேறுவதற்கே சில ஆண்டுகள் கழியும்; மாவும் வெண்ணெய்ப்பழமும் நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது பாதிக் குத்தகை முடிந்திருக்கும். இரண்டு நிபந்தனைகளை நான் வற்புறுத்தினேன்: தொடக்க நாளின் மண் பரிசோதனை அறிக்கை ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும், இறுதியில் மரங்களுக்கும் தேறிய மண்ணுக்கும் ஈடு தரப்பட வேண்டும். முதியவர் மரங்களுக்கு இசைந்தார், மண்ணுக்கு யோசிக்கிறார்.

ஜூலை 23, ஞாயிறு

கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்ய, 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது ஐந்து பேர் வேண்டும். நாங்கள் நால்வர்: நான், சித்தப்பா மகன், ஓய்வுபெற்ற செவிலியரான ஒரு அக்கா, முப்பது ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வரும் ஜூலுப் பெண்மணி ஒருவர். ஐந்தாமவராக வரவிருந்தவர், இரண்டாம் ஆண்டிலேயே வருமானம் வேண்டும் என்று விலகிக்கொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டதை இந்த நிலம் தராது.

இன்று அம்மன் கோவிலில் ஆடிக்கூழ் வாங்க நின்ற வரிசையில், கரும்பு வெட்டுக் குழுவில் மேற்பார்வையாளராக இருந்த ஒரு அண்ணாவிடம் இதைச் சொன்னேன். இதுவரை எல்லோரும் என்னிடம் விலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர், "ஆகஸ்டில் அந்த ஓடை ஓடுமா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 9, புதன், மகளிர் தின விடுமுறை

அந்த அண்ணாவையும் அழைத்துக்கொண்டு ஐவரும் போனோம். இங்கே இது மழை குறைந்த குளிர்காலம்; மழை கண்டு வாரங்களாகின்றன. ஓடையில் கணுக்கால் நனையும் அளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா கரையில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினார். அடியில் நீர் ஊறி நிற்பதைப் பார்த்த பிறகே நிமிர்ந்தார். விற்பனைக்குப் பயிரிடுவதானால் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி நீர் எடுக்கும் உரிமையை உறுதிசெய்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று அக்கா நினைவூட்டினார். அதற்கான விண்ணப்பத்தை நாளை நான் வாங்கி வருகிறேன். ஜூலு அம்மையார் சேம்புக்கு இடம் பார்த்து நான்கு குச்சிகளை நட்டார். அண்ணா அவற்றில் இரண்டைப் பிடுங்கி, நீர்மட்டம் உயர்ந்தால் அழுகும் என்று சொல்லி, இரண்டு அடி மேலே நட்டார். அம்மையார் சற்று நேரம் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் தாமே நகர்த்தினார்.