சோனகத் தெருத் தையல் கடையில் ஒரு மதியம்

யாழ்ப்பாணத்தில் மூன்றாவது நாள். கோட்டை, நூலகம், நல்லூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கியிருந்த வீட்டு அக்கா, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். (நம்மூர் ஜாக்கெட்தான் இங்கே சட்டை.)

சோனகத் தெருப் பக்கம் சின்னக் கடை. கொக்கி வைக்கும் வேலை மட்டும் பாக்கி. "இருங்க தங்கச்சி, பத்து நிமிஷம்" என்றார் தையல்காரர். (அக்காவுக்கு அவர் 'நானா'. இங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

எத்தனை வருஷமாகக் கடை என்று சும்மாதான் கேட்டேன்.

"வாப்பாட கடை. நடுவுல இருபது வருஷம் இல்ல."

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன நாள். கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். இவருக்கு அப்போது 19 வயது. அந்த இரண்டு மணி நேரத்திலும் வாப்பா கடைக்கு ஓடி, தைத்தும் தைக்காமலும் கிடந்த துணிகளை மடித்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்தாராம். ஆட்கள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கச் சுலபமாக இருக்கும் என்று.

அக்கா இரண்டு வருஷமாக இவரிடம்தான் தைக்கக் கொடுக்கிறார். இந்தக் கதையை இன்றுதான் கேட்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நானா, நாங்கள் அப்ப அந்த றோட்டிலதான் இருந்தனாங்கள். எனக்குப் பன்னிரண்டு வயசு. நீங்கள் எல்லாரும் பைகளோட நடந்து போகேக்க, அப்பா யன்னலைச் சாத்தச் சொன்னவர். நான்தான் சாத்தினனான்."

தையல்காரர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "நீங்க சின்னப் பிள்ளதானே" என்றார். பிறகு, "95ல நீங்க எங்க போனீங்க?"

அக்கா சொன்னார். 1995இல் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரம் உள்ளிட்ட வலிகாமத்துச் சனத்தை வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் கொடுத்த அறிவிப்பு, இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத சனம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விடியவிடிய உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"என்ன திகதி?"

"ஒக்டோபர் 30."

"எங்கடயும் அதே திகதிதான்."

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். வலிகாமத்துச் சனங்களில் பெரும்பகுதி அடுத்த வருஷமே திரும்பிவிட்டது; இவர் திரும்பி வர இருபது வருஷம் ஆனது. அக்காவுக்கும் அது தெரியும். தன் கதையை அவர் பதிலுக்குப் பதிலாகச் சொல்லவில்லை. நானா கேட்டதால் சொன்னார். முதலில் யன்னலைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரும் கேட்டிருப்பாரா என்று இன்னமும் யோசிக்கிறேன். மத நல்லிணக்கம் என்று மேடையில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட இப்படித் தொண்டை அடைத்ததில்லை.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கதவைச் சாத்தலாமா என்று அவர் எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ நானா. கடையை நான் பாக்கிறன்."

அக்கா மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் காற்சட்டை கேட்டு வந்தான். "பேர் என்ன தம்பி?" என்று கேட்டு, அடுக்கியிருந்த துணிகளில் குத்தியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, அவனுடையதை எடுத்துக் கொடுத்தார்.