அந்தக் காலத்துக் கமரா போனில் முகம் பார்த்துக் கதைத்திருக்கலாமா?

2002 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குள் வந்த சாமான்களில் எங்கள் சனத்தைப் பெரிதாகக் கவர்ந்தது கைபோன்தான். அதுவும் வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன கமரா போன் என்றால் அந்த வீட்டுக்கே தனி மவுசு. அப்படியான வீடுகளில் யாராவது ஒரு அம்மம்மா கட்டாயம் கேட்டிருப்பா: "இதில கமரா இருக்குத்தானே, அப்ப கனடாவில இருக்கிற பிள்ளையின்ர முகத்தைப் பார்த்துக் கதைக்கேலாதோ?" ஏலாது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். ஆனால் அது மிகச் சரியான கேள்வி. இப்போதைய பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள், யாராவது ஒரு ஆப் எழுதியிருந்தால் முடிந்திருக்குமே என்று நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கமரா. அது ஒரு தடையே இல்லை. நோக்கியா 7650, 6600 எல்லாம் 640க்கு 480 பிக்சல் படம் எடுத்தன, ஒரு முகத்தைக் காட்ட அது தாராளம். கமரா முதுகுப்பக்கம் இருந்ததுதான் கரைச்சல், உங்கள் முகத்தைக் காட்டப் போனைத் திருப்பினால் திரை மற்றப்பக்கம் போய்விடும், எதிரில் இருப்பவரைப் பார்க்க முடியாது. ஆனால் முன்பக்கக் கமராவையும் அதற்கு முன்பே செய்துவிட்டார்கள். ஜப்பானில் 1999 இல் வந்த கியோசெரா விபி-210 இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பிக்சல் கமரா முகத்தைப் பார்த்தபடி இருந்தது, செக்கனுக்கு இரண்டு படம் அனுப்பியது. தட்டுத்தடுமாறி ஓடும் படம்தான், என்றாலும் முகம் முகம்தான்.

உண்மையான சிக்கல் கணக்கில் இருக்கிறது. அந்தக் கால வீடியோவுக்கு வழக்கமான அளவு 176க்கு 144 பிக்சல். தீப்பெட்டி அளவுப் படம். அதைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் பிற். செக்கனுக்குப் பத்துப் படம் என்றால் 30 லட்சம் பிற். அப்போது 2ஜி போன்கள் டேட்டா அனுப்பிய முறை ஜிபிஆர்எஸ்; அலைவரிசையைச் சின்னச் சின்ன நேரத்துண்டுகளாகப் பங்குபோட்டுக் கொடுக்கும் அதில், ஒரு நேரத்துண்டு வழமையாகக் கொண்டுபோகக்கூடியது செக்கனுக்கு 13,400 பிற். அந்தப் போன்களில் டேட்டா போனுக்குக் கீழே இறங்க மூன்று, நான்கு துண்டு கிடைக்கும், போனில் இருந்து மேலே ஏற ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. இணையப்பக்கம் பார்க்கிறவனுக்கு இது காணும், ஏனென்றால் அவன் வாங்குகிறானே தவிரக் கொடுப்பதில்லை. வீடியோ கோலில் இரண்டு பக்கமும் சரிசமமாகக் கொடுக்கவேண்டும், அங்கேதான் எல்லாம் படுத்துவிடுகிறது. அதோடு ஒரு ரவருக்குக் கீழே எல்லாரும் கதைக்கத் தொடங்கினால் குரலுக்குத்தான் முதலிடம், டேட்டாவுக்கு மிச்சம்மீதிதான். டேட்டாவின் ஒரு சின்னப் பொதி போய்த் திரும்ப அரைச் செக்கனுக்கு மேலாகும், சிலவேளை ஒரு செக்கனையும் தாண்டும். நீங்கள் "சாப்பிட்டியளோ" என்று கேட்டு, பதில் வரவில்லையே என்று திரும்பக் கேட்கும்போது அங்கிருந்து முதல் கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருக்கும்.

சரி, நன்றாகச் சுருக்கி அனுப்பலாமே என்றால் அதற்கு மூளை வேண்டும். வீடியோவைச் சுருக்கும் எச்.263 என்ற முறை அந்த 176க்கு 144 படத்தை 99 சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரமும் போன படத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தேடிப் பிடித்து, மாறியதை மட்டும் எழுதவேண்டும். அதைச் செக்கனுக்குப் பத்துத் தடவை, வருகிற வீடியோவை விரித்துக் காட்டிக்கொண்டே, குரலையும் கவனித்துக்கொண்டே செய்யவேண்டும். 6600 இன் புரொசெசர் 104 மெகாஹேர்ட்ஸ். இவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்ய அது காணாது.

அப்ப மற்ற நாடுகளில் எப்படி முடிந்தது? ஜப்பானின் டொக்கோமோ 2001 ஒக்ரோபரில் 3ஜி தொடங்கியது, பிரித்தானியாவில் திரீ நிறுவனம் 2003 மார்ச்சில் தொடங்கியது, இரண்டிலும் வீடியோ கோல் இருந்தது. அவர்கள் அதை இன்டர்நெற் வழியாக அனுப்பவில்லை என்பதுதான் முக்கியம். 3ஜி-324எம் என்ற முறையில், சாதாரண கோலுக்கு ஒரு தடம் ஒதுக்குவதுபோல செக்கனுக்கு 64 கிலோபிற் கொண்டுபோகும் தடம் ஒன்றை முழுசாக அந்த இரண்டு பேருக்கும் ஒதுக்கினார்கள். அதில் ஏறத்தாழ 12 கிலோபிற் குரலுக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி படத்துக்கு. போனுக்குள்ளும் அதற்குத் தோதான சிப். இரண்டு பக்கமும் 3ஜி போன் இருக்கவேண்டும், இரண்டு நெற்வேர்க்கும் தங்களுக்குள் அந்தத் தடத்தை இணைத்திருக்கவேண்டும், காசு நிமிடக் கணக்கில்.

இலங்கையில் டயலொக் நிறுவனம் 3ஜியைத் தொடங்கியது 2006 ஆகஸ்ட். தென்னாசியாவிலேயே முதல். அதே ஆகஸ்டில்தான் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. கொழும்பில் ஒருவர் நோக்கியா 6680 இன் முன்கமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய காலத்தில் இங்கே சனம் மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றது. இதை எழுதும்போது இப்பவும் வயிறு எரிகிறது.

ஆனாலும் என் மனதில் ஒன்று கிடக்கிறது. எங்கள் அம்மம்மாக்களுக்கு செக்கனுக்குப் பதினைந்து படம் தேவையே இல்லை. பிள்ளை மெலிந்திட்டானா, தாடி வளர்த்திருக்கிறானா, பின்னால் தெரியும் வீடு நல்ல வீடா, இதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியது. 176க்கு 144 இல் ஒரு நிழற்படம் 3 கிலோபைற்றுக்குள் அடங்கும். அந்த ஒற்றை ஜிபிஆர்எஸ் துண்டிலேயே இரண்டு செக்கனுக்கு ஒன்று அனுப்பலாம், குரல் தன்பாட்டில் வழக்கமான கோலில் போகட்டும். தடுத்தது ஒன்றுதான்: அந்தப் போன்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் கோலையும் டேட்டாவையும் தாங்காதவை, கோல் வந்தால் டேட்டா நின்றுவிடும். இரண்டையும் சேர்த்து ஓட்ட டிடிஎம் என்றொரு வழி 2ஜி போன்களுக்கான ஜிஎஸ்எம் தரத்திலேயே எழுதப்பட்டிருந்தது, ஆனால் அதைப் போனுக்குள் கொண்டுவர அவசரப்பட்டவர்கள் குறைவு. எல்லாரும் 3ஜியையும் முழு வீடியோவையுமே துரத்தினார்கள். குரலும் இரண்டு செக்கனுக்கு ஒரு படமும் என்ற இந்த நடுவழியை 2ஜியிலேயே தந்திருக்கலாம், தந்திருக்கவும் வேண்டும். கொமினிகேசன் என்ற கோல் எடுக்கும் கடைகளில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வெளிநாட்டுக்குக் கதைத்த சனம் அதற்கும் கொடுத்திருக்கும்.