அக்காவின் கோப்பு

"ஐயா இல்லையாம்மா?"

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. தேர்தலில் நின்று ஜெயித்தவர் அக்கா. மனுவோடு வந்தவர்கள் தேடியது அவருடைய கணவரை. அக்கா கோபப்பட மாட்டார். "மனுவை என்கிட்ட கொடுங்க, கையெழுத்து நான்தான் போடணும்" என்று கையை நீட்டுவார். இரண்டாம் வருடத்தில் ஐயாவைக் கேட்பது நின்றுபோனது.

அப்படி வந்த மனுக்களின் கோப்புகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. தொகுதியின் கடைக்கோடியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டியிருந்தார்கள், ஆனால் பூட்டிக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர், அதுவும் கோடையில் வற்றிவிடும். கட்டடம் வேண்டுமென்றால் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிவிடலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயைப் பள்ளிவரை நீட்டுவது அப்படி இல்லை. ஒரு துறையைக் கேட்டால் இன்னொரு துறையைக் கைகாட்டினார்கள். இதற்கிடையில் பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

துறைகளுக்கு நிதி ஒதுக்குவதைப் பற்றி அவையில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அக்காவுக்குப் பேசக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். முதல் நாள் இரவு ஓமந்தூரார் வளாகத்து எம்.எல்.ஏ. விடுதியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். 'மாதவிடாய்' என்ற சொல்லை அவையில் சொல்லலாமா என்று தயங்கி, 'உடல்நலக் காரணங்களால்' என்று போட்டேன். அக்கா அதை அடித்துவிட்டுப் பேனாவால் அந்தச் சொல்லையே எழுதினார். "முத்துலட்சுமி அம்மா 1927-ல பேசினதைவிடவா இது கஷ்டம்?"

முத்துலட்சுமி ரெட்டி தம் சட்டமன்ற அனுபவங்களை எழுதி 1930-ல் வெளியிட்ட ஆங்கில நூலின் ஜெராக்ஸ் பிரதி அக்காவின் பையில் எப்போதும் இருக்கும். மருத்துவப் பணி கெட்டுவிடுமோ என்று முதலில் தயங்கியவர், சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார், துணைத் தலைவராகவும் தேர்வானார். சிறுமிகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே அதைப் பேசுவதற்கு என்ன மனத்திடம் வேண்டியிருக்கும்! காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவி விலகினார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. அப்போது முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். நாங்கள் தங்கியிருந்த வளாகத்துக்கு அவர் பெயர்தான்.

மறுநாள் அக்கா அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொன்னார். பார்வையாளர் மாடத்தில் இருந்த எனக்குத்தான் கை நடுங்கியது. சில உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண் உறுப்பினர்கள் மேசை தட்டும் சத்தம் கேட்டது, மெலிதாக. அவர்கள் எண்ணிக்கை அவ்வளவுதானே. 2021 தேர்தலில்கூட 234 இடங்களில் 12 பெண்கள்தான் ஜெயித்து வந்தார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதற்காக நான் மனதார மகிழ்ந்தேன். இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அப்புறம்தான் உண்மையான வேலை. கடிதம், நினைவூட்டல், தலைமைச் செயலகத்தில் காத்திருப்பு, மதிப்பீடு திரும்பி வந்ததும் மறுபடி ஒரு கடிதம். கோப்பு தடித்துக்கொண்டே போனது. பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார்.

அதற்கடுத்த வருடம் குழாய் வந்தது. திறப்பு விழா அழைப்பிதழில் அக்காவின் பெயர் இல்லை. எனக்கு மனது ஆறவில்லை. சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, "வா, பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போனார். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை. உள்ளே போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். நான்கில் மூன்றில் தண்ணீர் வந்தது. வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி, "அந்த நாலாவதுக்கு ஒரு மனு எழுதணும்" என்றார்.